மலைக் காற்றுக்கும் கணக்கு வேண்டும்

1883 செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாகவே மறைந்தது. சில நாள்களுக்கு இதே கதை. இலங்கையிலும் இதே காட்சி. சகுனம் பார்த்துக் காலெடுத்து வைத்த காலம் அது. ஊரில் என்னென்ன பேச்சு கிளம்பியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித் ஊகத்தோடு நிற்கவில்லை. நிறமாலைமானியை எடுத்து அந்தச் சூரியனை நோக்கித் திருப்பினார். கண்டதைக் குறித்துவைத்து அறிவியல் இதழுக்கு எழுதினார். ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரக்கட்டோவா எரிமலை வெடித்திருந்தது. அது வானத்தில் வீசியெறிந்த நுண்துகள்கள்தான் கடல் தாண்டி வந்து சென்னைச் சூரியனுக்குப் பச்சை பூசின என்பது பிறகு தெளிவானது.

அதே மிச்சி ஸ்மித்தான் பின்னாளில் தென்னிந்திய மலைகளில் சூரிய ஆய்வகத்துக்கு இடம் தேடி அலைந்தார். தாது வருஷப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயிருந்தது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று அரசு கேட்டது. அதற்குப் பதில் தேட, தூசியும் மேகமும் குறைந்த வானம் வேண்டும். நீலகிரியையும் பழநி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து அவர் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் 1899இல் ஆய்வகம் அமைந்தது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். காற்றின் தெளிவைப் பார்த்து அறிவியலுக்காகத் தேர்ந்தெடுத்த மலை அது.

இன்று அதே கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது அது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. மலைக்கு ஏறும் வண்டியை எண்ணத் தொடங்கியிருக்கிறோம்; நல்லதுதான். மலைக்கு ஏறும் காற்றை எண்ணுவதில் நமக்கு அந்த அக்கறை வந்திருக்கிறதா?

நகரக் காற்றுக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கையாவது ஆளரவம் குறைந்த மலைக் காற்றை அளப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மாசுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் மலையுச்சியின் சாட்சியம் இல்லாமல் எந்தத் தீர்ப்பும் நிற்காது.

மஞ்சு வேறு, மூட்டம் வேறு

கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே பார்ப்பவர்களுக்குப் பெரியகுளம் தெரியும் நாளும் உண்டு, தெரியாத நாளும் உண்டு. தெரியாவிட்டால் ‘மஞ்சு’ என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். ஆனால், மஞ்சு ஈரம். கன்னத்தில் படும், கம்பளியில் முத்து முத்தாக நிற்கும், அரை மணி நேரத்தில் விலகியும் விடும். மூட்டம் அப்படியல்ல, வறண்டது. மேகம் இல்லாத நாளிலும் தூரத்து மலையின் பச்சையை உறிஞ்சி, சாம்பலும் பழுப்புமாக ஒரு திரையைத் தொங்கவிடும். காலையில் பார்த்த இடத்திலேயே மாலையிலும் நிற்கும்.

இந்தத் திரையை நெய்பவை மிகச் சிறிய துகள்கள். இரண்டரை மைக்ரான் அளவுக்குள் அடங்கும் துகளைத்தான் பிஎம் 2.5 என்கிறோம், தலைமுடியின் குறுக்களவில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். அதிலும் ஒரு மைக்ரானுக்குக் குறைந்தவை ஒளியைச் சிதறடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயில் கற்றையில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்போம். அதே மினுக்கம் கோடிக்கணக்கான மடங்காகப் பெருகி, நம் கண்ணுக்கும் மலைக்கும் நடுவே பல கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றால் அதுதான் மூட்டம்.

அந்த மூட்டத்தில் சமவெளியின் விறகடுப்புப் புகை எத்தனை பங்கு, டீசல் புகை எத்தனை பங்கு, அனல்மின் நிலையத்தின் கந்தகம் எத்தனை, காட்டுத் தீ எத்தனை, கடல் உப்பு எத்தனை? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கருவி வேண்டும். கருவிக்கு இடம் வேண்டும். அந்த இடம் அடுப்புக்கும் சாலைக்கும் எட்டாத இடமாக இருக்க வேண்டும். தெருமுனையில் வைத்த கருவி முதலில் அந்தத் தெருவைப் பற்றித்தான் சொல்லும். மலையுச்சியில் வைத்தது ஒரு நிலப்பரப்பு முழுவதும் விட்ட மூச்சைச் சொல்லும்.

தூசியை எண்ணியவர்கள்

இந்த வேலைக்கு நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் வயது. காற்றிலுள்ள தூசியை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்று 1880களின் இறுதியில் காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஐட்கன். கண்ணுக்குத் தெரியாததை எப்படி எண்ணுவது? அவர் கண்ட வழி எளிமையானது. ஈரமான காற்றைச் சின்னப் பெட்டியில் அடைத்துத் திடீரென விரியவிட்டால் அது குளிரும். குளிர்ந்ததும் ஒவ்வொரு தூசியின் மேலும் ஒரு நீர்த்துளி திரளும். அந்தத் துளிகள் கட்டம் போட்ட தட்டில் விழும். உருப்பெருக்கியால் பார்த்து எண்ணிவிடலாம். தூசியைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, அது போட்டுக்கொண்ட மழைச் சட்டையைப் பார்க்கலாம் அல்லவா!

ஐட்கனின் கருவி ஏறிய மலைகளில் ஒன்று, 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ். பிரிட்டனின் ஆக உயரமான சிகரம் அது. உச்சியில் 1883 அக்டோபரில் ஒரு வானிலை ஆய்வகம் திறக்கப்பட்டிருந்தது. 1881, 1882 கோடைக்காலங்களில் கிளெமென்ட் ராக் என்பவர் நாள்தோறும் மலையேறி அளவெடுத்து, இது முடியும் என்று காட்டியிருந்தார். ஆய்வகம் வந்த பிறகு பார்வையாளர்கள் அங்கேயே தங்கினார்கள். மணிக்கு ஒரு முறை, பனிப்புயலிலும் சரி நள்ளிரவிலும் சரி, வெளியே போய் அளவு குறித்தார்கள். 1894 செப்டம்பரில் இரண்டு வாரம் அங்கே வேலை பார்க்கப் போன இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், மேகத்தின் மேல் தன் நிழலைச் சுற்றி விழுந்த ஒளி வளையத்தைக் கண்டு வியந்தார். அதை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்கப் புறப்பட்டவர், அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் அறையைக் கண்டுபிடித்தார். 1927இல் நோபல் பரிசு வந்தது.

அந்தப் பென் நெவிஸ் ஆய்வகம் 1904இல் மூடப்பட்டது. அறிவியல் காரணம் எதுவுமில்லை, பணம் இல்லை. சுமார் இருபது ஆண்டுத் தொடர் அதோடு அறுந்தது. 2017இல் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இணையத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய கையெழுத்துப் பதிவுகளைக் கணினியில் ஏற்றினார்கள். அன்று ‘எதற்கு இது’ என்று கேட்டு நிறுத்திய செலவின் மதிப்பு நூறாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

விளக்கு துடைத்த துணி

இன்றைய கருவிகளில் ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். ஏத்தலோமீட்டர் என்று பெயர். கரி படிவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உள்ளே வெள்ளை நாடா ஒன்று சுருளாக இருக்கும். பம்ப் ஒன்று வெளிக்காற்றை இழுத்து அந்த நாடாவின் ஒரே புள்ளி வழியாகச் செலுத்திக்கொண்டே இருக்கும். காற்று போய்விடும், கரி நாடாவில் தங்கிவிடும். மேலிருந்து ஒளி பாய்கிறது, கீழே உணர்கருவி பார்க்கிறது. புள்ளி கறுக்கக் கறுக்க ஒளி குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதிலிருந்து காற்றில் எவ்வளவு கரி என்று கணக்காகிறது. புள்ளி மிகவும் கறுத்துவிட்டால் நாடா சற்றே நகர்ந்து புதிய வெள்ளையைக் காட்டும்.

அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்த நம் பாட்டிகளுக்கு இந்தக் கருவி புதிதல்ல. துணி கறுத்த அளவை வைத்தே திரி சரியில்லை, எண்ணெய் சரியில்லை என்று சொன்னவர்கள் அவர்கள். ஏத்தலோமீட்டர் அந்தத் துணியைச் சில நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்து எண்ணாகச் சொல்கிறது; பல நிற ஒளியில் பார்ப்பதால் விறகுப் புகையா டீசல் புகையா என்பதற்கும் துப்புக் கொடுக்கிறது.

இன்னொரு கருவி, துகள்கள் ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்று அளக்கும். மூன்றாவது, சூரியனை நேராகப் பார்த்து, தரைக்கு வரும் வழியில் ஒளி எவ்வளவு இழந்தது என்று சொல்லும். மிச்சி ஸ்மித் 1883இல் செய்த வேலையின் பேரப்பிள்ளை அது. இவை தவிர, வெறும் வடிகட்டித் தாள்கள் உண்டு. 24 மணி நேரம் காற்றை இழுத்து, எடை பார்த்து, படிந்தது கந்தகமா நைட்ரேட்டா கரியா மண்ணா என்று சோதனைக்கூடத்தில் பிரித்துச் சொல்வார்கள்.

5,079 மீட்டரில் வீசிய சமவெளிப் புகை

மலையில் அளப்பதால் என்ன தெரியும் என்பதற்கு எவரெஸ்ட் அடிவாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கில், கண்ணாடியும் அலுமினியமுமாக ஒரு கூம்பகக் கட்டடம் 1990 முதல் நிற்கிறது. கே2 சிகரத்தை முதலில் எட்டிய 1954ஆம் ஆண்டு இத்தாலியக் குழுவின் தலைவரும் நிலவியலாளருமான அர்திதோ தேசியோவின் முயற்சியில் எழுந்தது அது. அதன் அருகே, கடல் மட்டத்திலிருந்து 5,079 மீட்டர் உயரத்தில், 2006இல் காற்றை அளக்கும் நிலையம் தொடங்கியது. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து. சுற்றிலும் பாறை, பனி, யாக் மாடுகள். உலகில் தூய காற்று எங்கேனும் இருந்தால் அது இங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றும் இடம்.

முதல் இரண்டு ஆண்டு அளவுகளே வேறு கதை சொல்லின. காற்றில் கரித்துகளின் சராசரி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 160 நானோகிராம். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. எனவே, சராசரியைப் பார்த்தால் தூய்மைதான். ஆனால், பருவமழைக்கு முந்தைய மாதங்களில் அது ஏறக்குறைய 320ஆக இரட்டித்தது. மழைக்காலத்தில் 50ஐ ஒட்டி இறங்கியது. கோடையின் சில நாள்களில் 5,000 வரையிலும் எகிறியது. இது நகரத்துக்கான எண். எவரெஸ்டின் வாசலில் பதிவானது.

கரி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? பதில் கடிகாரத்தில் இருந்தது. விடியலில் காற்று தெளிவாக இருக்கும். வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும் பள்ளத்தாக்கு வழியே காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கும். பிற்பகலில் கருவியின் கோடு ஏறும். இருட்டியதும் குளிர்ந்த காற்று கீழே இறங்கும், கோடும் இறங்கும். பள்ளத்தாக்கு ஒரு புகைபோக்கிபோல வேலை செய்து, அடிவாரத்திலும் கங்கைச் சமவெளியிலும் தேங்கிய மூட்டத்தைத் தினமும் மேலே இழுத்தது. நாளுக்கு ஒரே ஒரு முறை அளந்திருந்தால் இந்த ஏற்ற இறக்கம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. தொடர்ச்சியாக அளந்ததால் அகப்பட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமும் ஓரிடம் உண்டு. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,520 மீட்டர் உயரத்தில், இஸ்ரோவின் திட்டத்தின் கீழ் எடுத்த அளவுகளில் கரியின் ஆண்டுச் சராசரி 77 நானோகிராம் அளவுக்கே இருந்தது. ஒரே இமயம்தான். சமவெளிப் புகைக்கு நேர் எதிரே திறந்திருக்கும் தென்சரிவில் ஓர் எண். மலைத்தொடர் மறைத்த வடக்கே அதில் பாதி. இந்த வித்தியாசத்தை நகரத்துக் கருவி எதுவும் சொல்லியிருக்க முடியாது.

எண்களோடு இது முடிவதில்லை. பனியின் மேல் கரி படிந்தால் அதன் வெண்மை குறையும், திருப்பி அனுப்ப வேண்டிய வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், விரைவாக உருகும். அந்தப் பனியிலிருந்துதான் சிந்துவும் கங்கையும் பிரம்மபுத்திராவும் தங்கள் தண்ணீரில் ஒரு பகுதியை வாங்குகின்றன. இதில் ஒரே ஆறுதல், கரித்துகள் காற்றில் தங்குவது சராசரியாக ஒரு வாரம் போல. கார்பன் டை ஆக்சைடுபோல நூற்றாண்டுக் கணக்கில் அல்ல. புகையை நிறுத்தினால் பலன் கண்ணெதிரே தெரியும். 2020 ஏப்ரலில், ஊரடங்கில், ஜலந்தர்வாசிகள் மொட்டை மாடியில் நின்று தௌலாதார் பனிமலையைப் பார்த்துப் படமெடுத்தது நினைவிருக்கலாம். மலை புதிதாக முளைக்கவில்லை. திரை விலகியது, அவ்வளவே.

நமக்குப் பெயர் வைத்தவர்கள்

அளவு நம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அனுபவித்திருக்கிறோம். 1999 தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடல் மேல் பன்னாட்டு ஆய்வு ஒன்று நடந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவருமான வீரபத்ரன் ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். மழையில்லா மாதங்களில் தெற்காசியாவிலிருந்து கடல் மேல் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தடிமனுக்குப் பழுப்பு மூட்டம் படர்வதை அவர்கள் கண்டார்கள். 2002இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இதையொட்டி அறிக்கை வெளியிட்டது. தரையை எட்டும் சூரிய ஒளியில் 10 முதல் 15 சதவீதம் குறைகிறது என்றது அது. மூட்டத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், ‘ஆசியப் பழுப்பு மேகம்’.

இந்தியாவில் கொந்தளிப்பு எழுந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூட்டம் இல்லையா, ஆசியாவுக்கு மட்டும் ஏன் இந்த முத்திரை என்ற கேள்வி நியாயமானது. சில மாத அளவுகளை வைத்துப் பருவமழை பற்றி முடிவு கட்டலாமா என்று இந்திய வானிலை விஞ்ஞானிகளும் எழுதினார்கள். பின்னர் ‘ஆசிய’ போய் ‘வளிமண்டல’ வந்தது. ஆனால், வாதத்தின் அடியில் கிடந்த உண்மை வேறு. மறுப்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் நம் கையில் நீண்ட காலத் தொடர் அளவு போதுமானதாக இல்லை. கணக்கு எழுதாத வீட்டுக்குக் கடன் எவ்வளவு என்று பக்கத்து வீட்டார்தான் சொல்வார்கள்.

தாளிலிருந்து சட்டத்துக்கு

அளந்து என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பதில் சொல்லும். தேசியப் பூங்காக்களில் மனிதர் உண்டாக்கிய மூட்டத்தைத் தடுக்க வேண்டும் என்று 1977இல் அங்கே தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. 1980களில் ‘இம்ப்ரூவ்’ என்ற கண்காணிப்பு வலையமைப்பு தொடங்கியது. மூன்று நாளுக்கு ஒரு முறை 24 மணி நேரம் வடிகட்டித் தாளில் காற்று பிடிக்கிறார்கள். பூங்கா ஊழியர்கள் தாளை மாற்றி அனுப்பிவைக்க, கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் எடையும் வேதியியலும் பார்க்கிறார்கள். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. தாள், பம்ப், பெட்டி, விடாப்பிடி.

குளிர்காலத்தில் கிராண்ட் கேன்யனை மூடும் மூட்டத்துக்கு, பக்கத்தில் பேஜ் நகரருகே இருந்த நவாஹோ அனல்மின் நிலையம் காரணமா என்ற கேள்வி வந்தது. 1987இல் அதன் புகைபோக்கியில் இயற்கையில் ஏறக்குறைய காணக்கிடைக்காத ஒரு வகை மீத்தேனைக் கலந்துவிட்டு, அது எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தார்கள். வண்ணான் குறிபோலத்தான், துணி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று குறி சொல்லிவிடும். பள்ளத்தாக்குக் காற்றில் அந்தக் குறி அகப்பட்டது. மின்நிலையத்தின் பங்கு எவ்வளவு என்பதில் சண்டை நடந்தது. அறிவியலாளர் குழு ஒன்று, பங்கு உண்டு, ஆனால் சொல்லப்பட்ட அளவு நிரூபணமாகவில்லை என்றது. ஆனாலும், மேசையில் எண்கள் இருந்ததால் பேச்சு நடந்தது. 1991இல் கந்தக டை ஆக்சைடை 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று விதி வந்தது. 1999க்குள் புகையைக் கழுவும் அமைப்புகள் பொருத்தப்பட்டன. 2019இல் நிலையமே மூடப்பட்டது. இந்த வரிசையில் முதலாவதாக நிற்பது ஒரு வெள்ளைத் தாள்.

டெல்லி மூச்சுத் திணறும்போது மலை எதற்கு?

இந்தக் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். கோடிக்கணக்கானோர் நஞ்சைச் சுவாசிக்கும் நாட்டில், பத்துப் பேர் வசிக்காத உச்சியில் கருவி வைப்பது ஆடம்பரம் இல்லையா? 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் 131 நகரங்களைப் பட்டியலிட்டது. தமிழகத்தின் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி அதில் உண்டு. பணம் அங்கே போகட்டுமே?

நகரத்துக்குப் போகும் பணத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. அந்தப் பணம் வீணாகாமல் இருக்கவே மலை அளவு தேவை. ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5. ஒரு நகரத்தில் 45 என்று வருகிறது என்று வையுங்கள். அதில் எத்தனை அந்த நகரம் போட்டது, எத்தனை வெளியிலிருந்து வந்தது? பின்னணிக் காற்றின் அளவு தெரியாமல் கழித்தல் போட முடியாது. கழித்தல் போடாதவரை மாநகராட்சி விவசாயியைச் சொல்லும், ஒரு மாநிலம் பக்கத்து மாநிலத்தைச் சொல்லும், எல்லோரும் சேர்ந்து காற்றைச் சொல்வார்கள். டெல்லியில் ஒவ்வொரு நவம்பரிலும் நாம் பார்க்கும் கூத்து இதுதான்.

இன்னொன்று, மூட்டம் நகராட்சி எல்லையைப் படித்துப் பார்த்து நிற்பதில்லை. நகரங்களை மட்டும் பட்டியலிடும் திட்டத்தில் கிராமத்து அடுப்பும் நெடுஞ்சாலையும் அனல்மின் நிலையமும் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மலையிலிருந்து பார்த்தால்தான் இவை எல்லாம் ஒரே மூட்டமாகச் சேர்வது தெரியும்.

அறுந்த தொடர்கள்

மலை அளவீட்டின் எதிரி குளிரல்ல, இடியல்ல, மறதி. எவரெஸ்ட் அடிவார நிலையத்துக்கு இத்தாலியிலிருந்து வந்த நிதி சில ஆண்டுகளில் தடைபட்டது. காற்றை அளந்த தொடரும் நின்றுபோனது. ஹவாயின் மௌனா லோவாவில் 1950களின் இறுதியிலிருந்து சூரிய ஒளி எவ்வளவு ஊடுருவி வருகிறது என்று அளக்கிறார்கள். 1963இல் ஆகுங், 1982இல் எல் சிச்சோன், 1991இல் பினடுபோ என எரிமலைகள் வெடித்தபோதெல்லாம் அந்தக் கோடு பள்ளம் விழுந்து மெல்ல எழுவதைக் காணலாம். வசந்த காலங்களில் ஆசியப் பாலைவனத் தூசி பசிபிக்கைத் தாண்டி வந்து சேர்வதும் அங்கே தெரிந்தது. 2022 நவம்பரில் மௌனா லோவா எரிமலையே குழம்பு கக்கிச் சாலையையும் மின்கம்பியையும் அழித்தது. உடனே பக்கத்து மௌனா கியா மலையில் தற்காலிகமாக அளவெடுப்பைத் தொடங்கினார்கள். தொடர் அறுந்தால் திரும்ப ஒட்டாது என்று தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது.

தொடர்ச்சியோடு நேர்மையும் வேண்டும். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர், ஒரு தேநீர்க் கடை அடுப்பு, வந்து நின்ற ஒரு வேன் போதும், அன்றைய எண் கெட்டுவிடும். அந்த மணி நேரத்தை அடையாளமிட்டு ஒதுக்க ஆள் வேண்டும். பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, இந்திய வானிலைத் துறையின் கருவிகளை இந்த மண்ணிலேயே செய்யவைத்த அன்னா மாணி இதில் கறாரானவர். தவறான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பது அவர் கொள்கை. சூரியக் கதிர்வீச்சு அளவீட்டில் இந்தியா முழுவதும் ஒரே தரத்தைக் கொண்டுவந்தவர் அவர்.

கொடைக்கானலுக்கு என்ன செய்யலாம்?

நாம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. பின்னணிக் காற்றைக் கண்காணிக்க இந்திய வானிலைத் துறைக்கு 10 நிலையங்கள் கொண்ட பழைய வலையமைப்பு உண்டு. ஜோத்பூர் பாலைவனம் முதல் மினிக்காய் தீவு வரை பரவிய அந்தப் பட்டியலில் கொடைக்கானலும் இருக்கிறது. மலையின் கௌரவம் காகிதத்தில் பத்திரமாக உள்ளது. செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, கொடைக்கானலின் பின்னணி நிலையத்துக்கு இன்றைய முழுக் கருவித் தொகுதியும் அதைக் கவனிக்க நிரந்தர ஆள்களும் வேண்டும். ஆய்வுத் திட்டம் முடிந்ததும் கருவியைப் பெட்டியில் கட்டும் வழக்கம் இங்கே கூடாது.

இரண்டாவது, ஊர் வளர்ந்துவிட்டது. நகருக்குள் எடுத்த அளவு நகரத்தைச் சொல்லும். எனவே, பழநி மலைத் தொடரிலேயே ஊருக்கும் சாலைக்கும் எட்டாத ஓரிடத்தில் இரண்டாவது நிலையம் தேவை. சோலைக் காட்டை வெட்டிக் கட்டடம் எழுப்பச் சொல்லவில்லை. ஒரு கொட்டகை, ஒரு காற்றுக் குழாய், சில சூரியத் தகடுகள் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சுற்றுலா வண்டிகள் உட்பட ஊரின் பங்கு தெரிந்துவிடும். இ-பாஸ் வரம்பு 4,000 சரியா, 2,000 சரியா என்ற வாதத்துக்கு ஊகம் போய் ஆதாரம் வரும்.

மூன்றாவது, அளவுகள் அனைத்தும் அன்றன்றே பொதுவெளியில் வர வேண்டும். தமிழிலும் வர வேண்டும். வரிப்பணத்தில் அளந்த காற்றைப் பார்க்க ஆய்வாளர் ஒருவர் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது.

நான்காவது, தூரத்து மலை தெரிவதையும் ஓர் உரிமையாகச் சட்டம் ஏற்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் மூட்டத்தைத் தடுக்க வேண்டும் என்று அமெரிக்கா ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டத்தில் எழுதிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியம் என்று கொண்டாடும் நாம், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை இன்னும் எழுதவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கொடைக்கானலில் சூரியனை நாள்தோறும் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆட்சிகள் மாறின, நாடு விடுதலை பெற்றது, கண்ணாடித் தட்டு போய்க் கணினி வந்தது. அந்தப் பழக்கம் தொடர்ந்தது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளதற்குக் காட்டிய அந்தப் பொறுமையை, மூக்கு நுனியில் இருக்கும் காற்றுக்கும் மத்திய, மாநில அரசுகள் காட்ட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் அதற்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும்.